‘விபத்து ஏதும் பதிவாகவில்லை’ என்று பதில் வந்தால்

வாசகர் ஒருவர், மார்ச் 3

எங்கள் தெருவில் வண்டிகள் பறக்கின்றன. வேகத்தடை கேட்டு 84 பேர் கையெழுத்தோடு உள்ளாட்சி மன்றத்தில் மனு கொடுத்தோம். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. "கடந்த மூன்று ஆண்டுகளில் இச்சாலையில் விபத்து ஏதும் பதிவாகவில்லை. எனவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை." அவ்வளவுதான். யாராவது செத்தால்தான் செய்வார்களா? மனு போடுவதே வீண் வேலை என்கிறேன். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

இல்லை என்பவன் நான். உங்கள் கோபம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. மனு வீண் என்பதைத்தான் மறுக்கிறேன்.

போன வருடம் எனக்கும் இதே வரி வந்தது, எழுத்துப் பிசகாமல். எங்கள் தெரு இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே கிடக்கிறது. சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லோரும் எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். 61 கையெழுத்து வாங்கினோம். பதில் வந்த அன்று கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டவன் இரண்டு மாதம் அதைத் தொடவே இல்லை. அந்த இரண்டு மாதத்தை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பதிலுக்குள்ளேயே அடுத்த மனுவுக்கான கேள்விகள் இருந்தன, நான் பார்க்கவில்லை.

மார்ச் 4

‘பதிவாகவில்லை’ என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். விபத்து நடக்கவில்லை என்று அவர்கள் எழுதவில்லை. பதிவாகவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சைக்கிளோடு விழுந்து முழங்கையில் தோல் உரிந்த பையன் எந்தப் பதிவிலும் இல்லை. நிறுத்தியிருந்த வண்டியின் கண்ணாடியை இடித்துவிட்டுப் போனவனும் இல்லை. மயிரிழையில் தப்பியது எதுவும் எங்கும் ஏறாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எதிர் வீட்டுப் பாட்டி முன்பெல்லாம் தினமும் மாலையில் தெருவைக் கடந்து எங்கள் திண்ணைக்கு வருவார். வாசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று பார்ப்பார். ஒரு கால் கீழே வைப்பார், எடுத்துவிடுவார். போன வருடத்திலிருந்து அவர் வருவதில்லை. கேட்டால் "எதுக்குப்பா வம்பு" என்கிறார். அவர் கடக்காததால் அவருக்கு விபத்து இல்லை. மன்றத்தின் கணக்கில் எங்கள் தெரு பாதுகாப்பான தெரு.

இங்கிலாந்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1971-இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம். அதே காலத்தில் சாலையில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலை நல்லதாகிவிட்டது என்று அதைப் படிக்கலாம். பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டோம் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவதாகத்தான் படிக்கிறேன்.

மார்ச் 4, இரவு

ஒரு திருத்தம். உள்ளாட்சி ஒன்றின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்தவர் தனிச்செய்தியில் விளக்கினார். பல இடங்களில் காயம் ஏற்பட்டுக் காவல்துறை குறித்துக்கொண்ட விபத்து மட்டும்தான் கணக்கு. வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் அது காவல்துறைக்கே போனாலும் இந்தப் பட்டியலில் வராமல் போகலாம். நான் காலையில் எழுதியதைவிட ஓட்டை பெரிது.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. மனுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ‘சரி’, ‘இல்லை’ என்று முடிவு செய்வதில்லையாம். பணம் சில தெருக்களுக்குத்தான் வரும், கேட்பவர்களோ ஏராளம். அதனால் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். விபத்துக்கு அதிக மதிப்பெண். அப்புறம் வேகம், வண்டிகளின் எண்ணிக்கை, பள்ளி பக்கத்தில் உண்டா, நடைபாதை உண்டா. வரிசையில் கீழே நிற்கும் எல்லோருக்கும் போகும் ஒரே கடிதம்தான் நமக்கு வந்தது.

கோபம் கொஞ்சம் இறங்கியது, உண்மைதான். ஆனால் கூடவே ஒன்று புரிந்தது. விபத்துக் கட்டம் காலியாக இருந்தால் மற்றக் கட்டங்களை நாம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் முதல் மனுவில் ‘அசுர வேகம்’, ‘உயிருக்கு உத்தரவாதம் இல்லை’ என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். எண் என்று இருந்தது கையெழுத்துகளின் எண்ணிக்கை மட்டும்தான்.

மார்ச் 6

"ஆய்வு செய்யப்பட்டது" என்று உங்கள் பதிலில் எங்காவது இருக்கிறதா? இருந்தால் அந்த ஆய்வின் தாளைக் கேளுங்கள். எங்களுக்கு வந்த பதிலில் "சராசரி வேகம் 31 கி.மீ." என்று ஒரு வரி இருந்தது. முதலில் அதை நம்பவே முடியவில்லை. தாளைக் கேட்டு வாங்கினோம், ஆறு வாரம் ஆனது.

சாலையின் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் போட்டிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். சுண்டுவிரல் கனம் இருக்கும். இரண்டு முனையிலும் ஆணி அடித்து, ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் பூட்டிய பெட்டிக்குக் கொண்டுபோவார்கள். சக்கரம் ஏறும்போது குழாய்க்குள் காற்று அழுந்தும், பெட்டி அதை எண்ணும். ஒற்றைக் குழாய் வண்டிகளின் எண்ணிக்கைக்குத்தான் உதவும். வேகம் வேண்டுமென்றால் அளந்த இடைவெளியில் இரண்டு குழாய் வேண்டும். முதல் குழாயில் ஏறிய சக்கரம் இரண்டாவதில் ஏற எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து வேகம் கிடைக்கும்.

எங்கள் தெருவில் இரட்டைக் குழாய்தான் போட்டிருந்தார்கள், அதில் குறையில்லை. போட்ட இடம்தான் முனைத் திருப்பத்திலிருந்து பதினைந்து மீட்டர். திரும்பிய வண்டி அங்கே வேகமே எடுத்திருக்காது. போட்ட வாரம் பள்ளி விடுமுறை வாரம். வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பூட்டுவதற்குக் கம்பம் அங்கேதான் இருக்கிறது, ஆள் அந்த வாரம்தான் கிடைத்திருப்பார். ஆனால் அந்த 31 எங்கள் தெருவின் வேகம் இல்லை. திருப்பத்தின் வேகம்.

மார்ச் 7

ஒருவர் கேட்டிருந்தார்: சராசரி 31 என்றால் பரவாயில்லையே?

நேற்றே இதை எழுதியிருக்க வேண்டும். சராசரியை விடுங்கள். சாலைப் பொறியாளர்கள் பார்ப்பது 85 சதவீத வேகம். நூறு வண்டிகளை மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசையாக நிறுத்தினால் 85-ஆவது வண்டியின் வேகம் அது. பாட்டியைப் பயமுறுத்துவது சராசரி வண்டி இல்லை, கடைசிப் பதினைந்துதான். பதிலில் சராசரி மட்டும் இருந்தால் "85 சதவீத வேகம் எவ்வளவு?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். தாளில் அது அநேகமாக இருக்கும், கடிதத்தில்தான் விட்டிருப்பார்கள்.

மார்ச் 9

கருவி இல்லாமல் வேகத்தை எப்படி அளப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போன மாதம் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

சாலையோரமாக 50 மீட்டரை நாடாவால் அளந்தோம். இரண்டு முனையிலும் சுண்ணக்கட்டியால் கோடு. வண்டி முதல் கோட்டைத் தொடும்போது கைப்பேசியில் கடிகாரத்தை ஓட விட்டு, இரண்டாவது கோட்டில் நிறுத்த வேண்டும். 180-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வந்துவிடும். 6 வினாடி என்றால் 30. 4.5 என்றால் 40. 3.6 என்றால் 50. பக்கத்து வீட்டுச் சிறுமி, ஆறாம் வகுப்பு, மூன்று நாளில் இந்த வகுத்தலை மனதிலேயே செய்யத் தொடங்கிவிட்டாள். வண்டி கடந்த மறுநொடி "நாற்பத்தஞ்சு!" என்று கத்துவாள். என் கைப்பேசி பிறகுதான் ஆமோதிக்கும்.

காலை 8 முதல் 9 வரை, பள்ளி நாட்களில், தெருவின் நடுப்பகுதியில், நூறு வண்டிகள். பலகையில் இருக்கும் வரம்பு 40. எங்களுக்குக் கிடைத்த சராசரி 39. 85-ஆவது வண்டி 48.

மார்ச் 10

அளக்கும் முறையில் தவறு இருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. ஒரு முனையில் நின்றுகொண்டு மறுமுனையில் வண்டி கோட்டைத் தொட்டதைக் கணிக்க முடியாது, கண் ஏமாற்றும். முதல் நாள் நான் அப்படித்தான் செய்தேன். அப்புறம் மறுகோட்டில் ஒருவர் நின்று கையை இறக்கிக் காட்டினார். அப்போதும் விரல் தாமதம் உண்டு. 3.6 வினாடியில் 0.2 தவறினால் 50 என்பது 47 ஆகவோ 53 ஆகவோ மாறும். ஆகவே ஒரு வண்டியின் எண்ணை வைத்துச் சண்டை போடாதீர்கள். நூறு வண்டிகளுக்குமேல் எடுத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் இரு பக்கமும் சரிந்து அடங்கிவிடும். மனுவில் "எங்கள் அளவீடு தோராயமானது, முறையான அளவீட்டைக் கோருகிறோம்" என்றே எழுதலாம். நாம் பொறியாளருக்குப் பாடம் எடுக்கப் போகவில்லை. அவர் வந்து சரியான இடத்தில் அளக்க வேண்டும், அதற்குக் காரணம் கொடுக்கிறோம்.

மார்ச் 15

"30-க்கும் 50-க்கும் அப்படி என்ன வித்தியாசம், எல்லாம் ஊர்ப் பேச்சு" என்று எழுதியவருக்கு.

ஓட்டுநருக்கு ஆபத்து உறைத்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்று வையுங்கள். 30-இல் வரும் வண்டி அந்த வினாடியில் 8 மீட்டர் ஓடும். பிறகு உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 5 மீட்டர். மொத்தம் 13. அதே இடத்தில் 50-இல் வரும் வண்டி அந்த ஒரு வினாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது வண்டி பிரேக்கைத் தொட்டிருக்கவே செய்யாது. முழு 50-இல் இடிக்கும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், 30-க்கும் 50-க்கும் இடையே அது 2.8 மடங்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சாலை விபத்தில் ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் சாகிறார்கள். 5 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் இதுதான். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்பதும் அவர்கள் சொல்வதுதான். இதை ஊர்ப் பேச்சு என்று என்னால் விட முடியாது.

மார்ச் 16

வேகத்தடைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருந்தின் பெயரைச் சொல்லி மனு எழுதாதீர்கள், நோயைச் சொல்லுங்கள்.

நாங்கள் ‘வேகத்தடை’ என்று எழுதினோம். உடனே பதில் எளிதாகிவிட்டது: ஆம்புலன்ஸ் தாமதமாகும், சத்தம் வரும், மழைநீர் தேங்கும். மூன்றும் பொய்யில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டார் எதிர்மனு கொடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வாசலுக்கு நேரே மேடு வந்தால் இரவு முழுக்க லாரி ஏறி இறங்கும் சத்தம் அவர்கள் தலைக்கு. அவர்களோடு பேசாமல் 61 பேர் கையெழுத்துப் போட்டோம். அது நாங்கள் அவர்களுக்குச் செய்த அநியாயம். போன வாரம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

வேறு வழிகள் இருக்கின்றன. மேட்டை முழு அகலத்துக்கும் போடாமல் இடைவெளி விட்ட திண்டுகளாகப் போடலாம். தீயணைப்பு வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், அவை திண்டின் இருபக்கமும் இறங்கிப் போய்விடும், கார் ஏறித்தான் ஆக வேண்டும். முனையில் நடைபாதையை வெளியே நீட்டிச் சாலையைக் குறுக்கலாம். கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கலாம். குறுக்குவழியாக வருபவர்கள்தான் பிரச்சினை என்றால் நடுவில் தடுப்பு வைத்து, நடப்பவரும் சைக்கிளும் மட்டும் போக விடலாம்.

நான்கு பக்கமும் ‘நில்’ பலகை கேட்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். அமெரிக்காவின் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேடு, வேகத்தைக் கட்டுப்படுத்த நில் பலகையைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது. காரணமில்லாத இடத்தில் பலகை நின்றால் ஓட்டுபவர்கள் அதை மதிக்கமாட்டார்கள். அதை நம்பிக் காலெடுத்து வைக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

மார்ச் 28

உங்கள் மனுக்களுக்கு வந்த பதில்களை அனுப்பச் சொல்லியிருந்தேன், பதினோரு கடிதங்கள் வந்தன. எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். "ஆவன செய்யப்படும்" என்று முடிந்த நான்கில் யார், எப்போது என்பது ஒன்றில்கூட இல்லை. "பரிசீலனையில் உள்ளது" இரண்டில். அதற்கு எழுத வேண்டியது ஒரே கேள்வி: எந்தத் தேதியில் முடிவாகும்? "நிதி நிலைக்கு உட்பட்டு" என்றால் வரிசையில் எத்தனையாவது இடம் என்று கேட்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பதில் இரண்டே வரி. "இச்சாலை எங்கள் பராமரிப்பில் இல்லை. மனு நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது." வாங்கியவர் நொந்துபோயிருந்தார். ஆனால் உண்மையிலேயே உபயோகமான பதில் அது. சாலையின் சொந்தக்காரர் யார் என்பது தெரியாமல் ஒன்றரை வருடம் தவறான கதவைத் தட்டியவர்களை எனக்குத் தெரியும். வேக வரம்பை மீறுபவனைப் பிடிப்பதும் மன்றத்தின் வேலை இல்லை, அது காவல்துறை. சாலையின் வடிவத்தை மாற்றுவதுதான் மன்றத்திடம் கேட்க வேண்டியது.

ஏப்ரல் 2

கொஞ்சம் விலகிப் போகிறேன். நெதர்லாந்து என்றால் சைக்கிள் நாடு, அங்கே எப்போதுமே அப்படித்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். 1971-இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர், அதில் 400-க்கும் மேல் பிள்ளைகள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. ஆம்ஸ்டர்டாமின் டி பைப் பகுதியில் 1972-இல் பிள்ளைகளே வீடுவீடாகப் போய்த் தெருவுக்குள் கார் வருவதைத் தடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். டெல்ஃப்ட் நகரத்தில் நடப்பவருக்கே முதலிடம் என்று குடியிருப்புத் தெருக்களை மாற்றியமைத்தார்கள். 1976-இல் அந்த வகைத் தெருவுக்குச் சட்டமே வந்துவிட்டது. இதெல்லாம் தெருக்காரர்கள் கேட்டு வந்தது.

எங்கள் சிறுமியிடம் டி பைப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். "அவங்களுக்கு என்ன பதில் வந்தது?" என்றுதான் முதலில் கேட்டாள்.

ஏப்ரல் 11

கையெழுத்து எண்ணிக்கையைப் பற்றி என் கருத்து மாறியிருக்கிறது. நிறைய கையெழுத்து என்றால் நிறைய பலம் என்று நினைத்திருந்தேன். வேல்ஸில் நடந்ததைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 17 அன்று குடியிருப்புச் சாலைகளின் பொது வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக இறக்கினார்கள். அதை ரத்து செய்யச் சொல்லி 4,60,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அந்த நாடாளுமன்றத்துக்கு வந்த மனுக்களிலேயே பெரியது அது. இருந்தும் சட்டம் ரத்தாகவில்லை. ஆனால் எந்தெந்தச் சாலையை 30-க்குத் திருப்பலாம் என்று உள்ளாட்சிகளுக்கு 2024-இல் புது வழிகாட்டுதல் கொடுத்தார்கள்.

எனக்கு அதில் இரண்டும் சரி. மனுவைத் தூக்கி எறியவும் இல்லை, கூட்டத்தைப் பார்த்துப் பின்வாங்கவும் இல்லை. நமக்கு வர வேண்டிய பதிலும் இப்படித்தான் இருக்க வேண்டும்: இதைச் செய்வோம், இதைச் செய்யமாட்டோம், காரணம் இது.

ஏப்ரல் 12

நேற்றைய பதிவோடு சேர்த்து இன்னொன்று. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பாளர் 1969-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்து ஆராய்ந்தார். வித்தியாசம் வண்டிகளின் எண்ணிக்கையில்தான். நாளுக்கு 2,000 வண்டி ஓடும் தெருவில் ஒருவருக்குத் தெருவுக்குள்ளேயே சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வண்டி ஓடும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9. அவரே 1982-இல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார்.

பாட்டி ஏன் வருவதில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த எண் அது. மனுவில் சேர்க்கப் போகிறேன்.

மே 20

இரண்டாவது மனுவைக் கொடுத்துவிட்டோம். ஒரே பக்கம். எங்கள் நூறு வண்டிக் கணக்கு இணைப்பாக. கோரிக்கை மூன்று: தெருவின் நடுவில் பள்ளி நாட்களில் மறுபடி அளக்க வேண்டும், 85 சதவீத வேகத்தை எழுத்தில் தர வேண்டும், முன்னுரிமை வரிசையில் எங்கள் இடத்தைச் சொல்ல வேண்டும். வேகத்தடை என்ற சொல்லே இல்லை. கையெழுத்து 23 தான், ஆனால் எதிர்மனு கொடுத்த வீட்டாரும் அதில் உண்டு. வரவு முத்திரையும் எண்ணும் வாங்காமல் நகரவில்லை.

பாட்டி விபரத்தைக் கடைசியில் எடுத்துவிட்டேன். அவரே வேண்டாம் என்றார். ஆப்பிள்யார்டும் கூடவே போய்விட்டார், ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை.

ஜூன் 30

பதில் வந்திருக்கிறது, நாற்பத்தொரு நாளில். "தங்கள் மனுவில் குறிப்பிட்ட இடத்தில் மறு அளவீடு மேற்கொள்ளப்படும்." வரிசையில் எங்கள் இடம் 37. முதல் கேள்வியைக் கேட்டவரே, உங்கள் பதிலில் இந்த எண் இருந்ததா? கேட்டு எழுதுங்கள். இங்கேயும் போடுங்கள்.

ஜூலை 17

காலை ஏழு மணிக்கு இரண்டு பேர் வந்து குழாய் போட்டார்கள். இரட்டைக் குழாய், நடுத்தெரு, புதன்கிழமை, பள்ளி நாள். கம்பம் இல்லாததால் பெட்டியை எதிர் வீட்டுக் கம்பியில் பூட்டலாமா என்று பாட்டியிடம் கேட்டார்கள். பூட்டிக்கொள்ளச் சொன்னார். இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் டக்-டக், டக்-டக் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. வேகமாகப் போனால் இரண்டு சத்தமும் ஒட்டிக்கொள்கின்றன. பாட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார், சிறுமி வேகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 8

அவர்கள் கணக்கில் 85 சதவீத வேகம் 46. எங்களுடையது 48 இருந்தது. வரிசையில் 37 இருந்தது 9 ஆகியிருக்கிறது. இந்த ஆண்டுக்கான பணம் முதல் ஆறு தெருக்களோடு முடிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டுப் பட்டியல் எந்த மாதம் இறுதியாகும் என்று இன்று காலை கடிதம் போட்டேன்.